தேவாங்கின் உறவு தேடிய பேராசிரியர் ஒஸ்மன் ஹில்

எமது கல்லூரியின் பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், மலருக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். மருத்துவத்துறையில் இருப்பவள் என்பதால் மருத்துவர் ஒருவரையே தெரிந்தெடுத்தேன். ஆனால் இவர் நோயாளிகளைக் குணப்படுத்தியதால் பெயர் பெற்றவர் அல்லர். பிள்ளைகள் எல்லாரும் ஒருநாள் கேட்கும் கேள்வி ஒன்றுக்காகத் தம் ஆயுளைச் செலவிட்டவர். மனிதன் குரங்கிலிருந்தா வந்தான் என்பதே அக்கேள்வி. யாழ்ப்பாணத்திலும் கேட்கிறார்கள், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆம் என்றாலும் பிழை, இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தினாலும் பிழை. சரியான விடையின் ஒரு பெரும் பகுதி எங்கள் தீவிலேயே தேடப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

வில்லியம் சாள்ஸ் ஒஸ்மன் ஹில் 1901 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1924 இல் பட்டம் பெற்றார். அங்கேயே முதலில் விலங்கியலும் பின்னர் உடற்கூற்றியலும் கற்பித்தார். மருத்துவரான ஒருவர் விலங்கியல் கற்பித்தது அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் அடித்தளமாயிற்று. மனித உடலை மட்டும் வெட்டிப் படிப்பவருக்கு ஒரு தசை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது விளங்காது. அதே தசை குரங்கில் எப்படி இருக்கிறது, தேவாங்கில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பவருக்கே அதன் வரலாறு தெரியும். இவ்வகைப் படிப்பை ஒப்பீட்டு உடற்கூற்றியல் என்பர்.

கொழும்பில் பதினைந்து ஆண்டுகள்

1930 இல் இலங்கை மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் பேராசிரியராக அவர் கொழும்புக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. 1942 இல் அக்கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. 1945 இல் நாட்டை விட்டுப் புறப்படும்வரை அவர் அப்பதவியில் இருந்தார். அப்பதினைந்து ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து புகைவண்டி ஏறிச் சென்று கொழும்பில் மருத்துவம் படித்த எங்கள் பாட்டன்மார் தலைமுறை வைத்தியர்கள், உடற்கூற்றியலின் முதற் பாடத்தைக் கற்றது அவர் தலைமை வகித்த பிரிவிலேயே.

கற்பித்தல் அவருடைய தொழிலின் ஒரு பாதி. மறுபாதி காட்டிலும் அவருடைய வீட்டிலும் நடந்தது. கிளிகள், கக்கற்றூப் பறவைகள், கீரி, கலாபகசுத் தீவின் பேராமைகள் என்று ஒரு சிறு விலங்குப் பண்ணையையே அவர் சொந்தமாக வைத்திருந்தார். அவர் இலங்கையை விட்டுச் சென்றபோது அத்தொகுதி இலண்டன் விலங்குக்காட்சிச்சாலைக்கும் தெகிவளைக்குமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஆயினும் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தவை தேவாங்கும் குரங்கும்தான்.

தேவாங்கு, லீமர், குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதன் ஆகிய எல்லாரையும் அடக்கிய முலையூட்டி வருணத்தைப் பிரைமேற்றுக்கள் என்கிறோம். இலங்கை சிறிய தீவாக இருந்தும் இவ்வருணத்தில் வளம் மிக்கது. கோவில் வீதிகளிலும் தோட்டங்களிலும் காணப்படும் செம்மஞ்சள் நிறக் குரங்கு, நீண்ட வாலும் கருமுகமும் உடைய சாம்பல் மந்தி, ஈரவலயக் காடுகளின் ஊதாமுக மந்தி ஆகியவை பகலில் உலாவுவன. இரவில் உலாவுவது தேவாங்கு. கால் கிலோ அளவே நிறையுள்ள, வாலற்ற, குச்சிபோன்ற கைகால்களும் முகத்தை நிறைக்கும் கண்களும் உடைய பிராணி. மெலிந்த பிள்ளையைத் தேவாங்கு மாதிரி என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் உண்டு. ஆனால் தேவாங்கை உயிரோடு கண்டவர்கள் எங்களில் மிகச் சிலரே.

ஹில் தேவாங்குகளைப் பகுதி பகுதியாக ஒப்பிட்டார். ஒரே தீவில் வாழ்ந்தாலும் வறண்ட வடபுறத்துத் தேவாங்கும், ஈரமான தென்மேற்குத் தேவாங்கும், குளிர்ந்த மலைநாட்டுத் தேவாங்கும் உரோமத்திலும் பருமனிலும் முகத்தின் அமைப்பிலும் வேறுபடுவதைக் கண்டார். 1932 இல், இலங்கையின் முலையூட்டிகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிலிப்ஸ் என்பவரோடு சேர்ந்து மலைநாட்டு வகை ஒன்றுக்குப் பெயரிட்டார். 1933 இல் உலர்வலயக் காடுகளின் தேவாங்குக்கு, வடக்கைச் சேர்ந்தது என்ற பொருளில் நோர்டிக்கசு என்று பெயர் வைத்தார். 1942 இல் ஹோட்டன் சமவெளியின் அடர்ந்த உரோமமுள்ள தேவாங்குக்கும், மலைநாட்டுக் குரங்கின் ஓர் உபவினத்துக்கும் பெயரிட்டார். ஹோட்டன் சமவெளித் தேவாங்கு பல்லாண்டுகளாக ஏறத்தாழ எவர் கண்ணிலும் படாமல் அழிந்துவிட்டதோ என்று கருதப்பட்டு, 2010 இல் அதன் நிழற்படம் வெளிவந்தபோது உலகச் செய்தியாயிற்று. வன்னிக் காட்டுத் தேவாங்கின் விஞ்ஞானப் பெயருக்குப் பின்னால் இன்றும் ஹில் என்ற பெயர் நிற்கிறது.

ஏணியா, மரமா?

ஹில் இந்த வேலையில் இறங்கியபோது மனிதனின் தோற்றம் பற்றிய விவாதம் எழுபது ஆண்டு பழையதாகியிருந்தது. 1863 இல் ஹக்ஸ்லி, கொரில்லாவினதும் மனிதனதும் எலும்பு, கை, கால், மூளை ஆகியவற்றை ஒப்பிட்டு, கொரில்லாவுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கொரில்லாவுக்கும் கீழ்நிலைக் குரங்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலும் சிறியது என்று காட்டினார். 1871 இல் டார்வின் மனிதனின் வழித்தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டார். இருவரும் சொன்னது ஒரு பொது மூதாதையைப் பற்றி. மக்கள் காதில் விழுந்தது குரங்கு மனிதனாக மாறிற்று என்ற கதை. கேலிச்சித்திரக்காரர்கள் டார்வினுக்கு வால் வரைந்தார்கள்.

இங்கே எங்கள் குடும்பங்களையே எடுத்துப் பார்ப்போம். ஒரே பூட்டியின் வழியில் வந்த இரு பெண்களில் ஒருத்தி நல்லூரில் இருக்கிறாள், மற்றவள் கனடாவில் இருக்கிறாள். முகச்சாயல் ஒன்று. ஆனால் கனடாவில் இருப்பவள் நல்லூரில் இருப்பவளின் மகள் அல்லள். இருவருக்கும் பூட்டி ஒருத்தி, அவ்வளவுதான். பூட்டியின் காலத்துக்குப் பிறகு இரண்டு கிளைகளும் தத்தம் வழியில் மாறியிருக்கின்றன. நல்லூரில் இருப்பவளும் பூட்டியைப் போலவே இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. எங்கள் முற்றத்து மாமரத்தில் ஏறும் குரங்கும் நாங்களும் அவ்வாறே. அது எங்கள் பூட்டி அல்ல, தூரத்து உறவு. எங்களைப் போலவே அதுவும் இன்றைய உயிரினம்.

அப்படியானால் அந்தப் பூட்டி யார்? இங்கேதான் இல்லை என்ற விடையும் போதாமற் போகிறது. எங்கள் கிளையும் ஆசிய ஆபிரிக்கக் குரங்குகளின் கிளையும் ஏறத்தாழ 2.5 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. எகிப்தின் ஃபயூம் பாலைநிலத்தில் கிடைத்த, சுமார் 3 கோடி ஆண்டு பழைமையான ஈஜிப்தோபித்தேக்கசு என்ற பிராணியின் உயிர்ச்சுவடு அந்தப் பொது மூதாதை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு. மரத்தில் நாலுகாலில் திரிந்த சிறிய பிராணி அது. இன்று அதை நேரில் கண்டால் நாங்கள் எல்லாரும் குரங்கு என்றுதான் சொல்வோம். ஆகவே இன்றுள்ள எந்தக் குரங்கிலிருந்தும் மனிதன் வரவில்லை. ஆனால் மனிதனுக்கும் இன்றைய குரங்குக்கும் பொதுவான மூதாதை பார்வைக்குக் குரங்கு போன்றதே. சிம்பன்சியோடு எங்களுக்குள்ள பொது மூதாதை இன்னும் அண்மையில், ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. தேவாங்கின் கிளை பிரிந்தது 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்.

இதற்கு எங்கள் தீவிலேயே ஒரு சான்று இருக்கிறது. களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கலைக் குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர்கள் விட்டுச்சென்ற எலும்புகளை ஆராய்ந்த முடிவுகள் 2019 இல் வெளிவந்தன. அவர்கள் உண்ட விலங்குகளில் பெரும்பகுதி குரங்கும் மந்தியும் மரஅணிலும்தான். குரங்கின் எலும்பைக் கூராக்கி ஆயுதமும் செய்திருக்கிறார்கள். அதாவது அன்றே மனிதன் மனிதனாகவும் குரங்கு குரங்காகவும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன. ஹில் கொழும்பில் இருந்த காலத்திலேயே நூதனசாலைப் பணிப்பாளராகப் பொறுப்பேற்ற தெரணியகல, இந்தக் குகைவாசிகளின் எச்சங்களுக்குப் பின்னாளில் பலாங்கொடை மனிதன் என்று பெயரிட்டார்.

மூக்கு சொன்ன சேதி

1945 இல் பிரித்தானியா திரும்பிய ஹில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டுகள் உடற்கூற்றியல் கற்பித்தார். 1950 இல் இலண்டன் விலங்கியற் சங்கத்தின் பிரேதப் பரிசோதகரானார். விலங்குக்காட்சிச்சாலையில் இறக்கும் விலங்குகளை வெட்டி ஆராய்வது அப்பதவியின் வேலை. உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்த பிரைமேற்றுக்கள் அவருடைய மேசைக்கு வந்தன. கொழும்பில் தொடங்கிய ஒப்பீட்டை அங்கே முழு வருணத்துக்கும் விரித்தார்.

அதன் விளைவே பிரைமேற்றுக்கள் என்ற பெருநூல். 1953 இல் அதன் முதல் தொகுதி வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எட்டுத் தொகுதிகள் வந்தன. ஒவ்வோர் இனமாக எடுத்து, தோல், உரோமம், மூக்கு, நாக்கு, பல், தசை, குடல், குரல்வளை, இனப்பெருக்க உறுப்பு என்று ஒழுங்காக விவரிக்கும் நூல் அது. அவருடைய மனைவி இவோன் அதற்குப் படங்கள் வரைந்தார். ஒரே மனிதர் தம் கைகளால் இவ்வளவு பிரைமேற்றுக்களை ஆராய்ந்து எழுதியது அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை எனலாம்.

முதல் இரண்டு தொகுதிகளின் பிரிப்பிலேயே ஒரு துணிவான முடிவு அடங்கியிருந்தது. தென்கிழக்காசியத் தீவுகளில் தாசியர் என்றொரு சிறு பிராணி உண்டு. இரவில் உலாவும், கண் பெரிது, தேவாங்கைப் போன்ற தோற்றம். ஆகவே தேவாங்கோடும் லீமரோடும் அதைச் சேர்ப்பதே அன்று பலருடைய வழக்கம். பொக்கொக் என்ற விலங்கியலாளர் 1918 இலேயே மூக்கைப் பார்க்கச் சொன்னார். நாயின் மூக்கைப் போலவே தேவாங்கின் மூக்கும் ஈரமானது, மேலுதடு பிளவுபட்டு முரசோடு ஒட்டியிருக்கும். தாசியரின் மூக்கு எங்களுடையதைப் போல உலர்ந்தது, மேலுதடு விடுபட்டது. நாங்கள் சிரிக்கவும் முத்தமிடவும் முடிவது அந்த விடுபட்ட உதட்டால்தான். ஹில் பொக்கொக்கின் பிரிப்பை ஏற்று, ஈரமூக்கினருக்கு முதல் தொகுதியையும், உலர்மூக்கினரான தாசியருக்கு 1955 இல் வந்த இரண்டாம் தொகுதியையும் ஒதுக்கினார். தாசியர் தேவாங்கின் பக்கம் அல்ல, குரங்கினதும் மனிதனதும் பக்கம் என்பதே அதன் பொருள்.

பரம்பரையலகுகளை வாசிக்கும் வித்தை அப்போது இல்லை. பின்னர் அது வந்தபோது மூக்கு சொன்னதையே அதுவும் சொல்லியது. மருத்துவர்களாகிய எங்களுக்கு மிகவும் பழக்கமான விற்றமின் சி இதற்கு நல்ல சாட்சி. பெரும்பாலான முலையூட்டிகள் விற்றமின் சி யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. ஆடும் நாயும் நெல்லிக்காய் தின்னாவிட்டாலும் அவற்றுக்கு முரசு கரைந்து குருதி வடிவதில்லை. தேவாங்காலும் அதை ஆக்க முடியும். தாசியரால் முடியாது, குரங்கால் முடியாது, எங்களாலும் முடியாது. அதை ஆக்கும் கடைசிப் படிக்கு வேண்டிய பரம்பரையலகு எங்கள் உடலில் இல்லாமலில்லை, உடைந்து கிடக்கிறது. குரங்கிலும் அதே இடத்தில் உடைந்து கிடக்கிறது. ஒரே பழைய வீட்டின் உடைந்த சாவி இரண்டு குடும்பங்களிடம் இருக்குமானால் இருவரும் அந்த வீட்டிலிருந்து வந்தவர்கள் என்றுதானே கொள்ள வேண்டும்?

பிள்ளைப்பேற்று விடுதியிலும் இந்த உறவைக் காணலாம். தேவாங்கின் சூல்வித்தகம் கருப்பைச் சுவரை அரித்து உட்புகுவதில்லை. தாசியரிலும் குரங்கிலும் எங்களிலும் அது உட்புகுந்து தாயின் குருதியோடு நேரடியாகத் தொடர்புறுகிறது. குழந்தைக்கு அது நன்மை. பிரசவத்தின் பின் குருதிப்போக்கைக் கண்டு அஞ்சும் எங்களுக்கு அதன் விலையும் தெரியும். கர்ப்பிணித் தாய்மாரின் குருதியில் நாங்கள் சோதிக்கும் றீசஸ் காரணியின் பெயரும் றீசஸ் குரங்கிலிருந்து வந்ததே. அக்குரங்கின் குருதியைக் கொண்டு செய்த ஆய்வின் பயனாக 1940 இல் அப்பெயர் வழக்கில் வந்தது. எங்கள் தீவின் குரங்கும் றீசஸ் குரங்கும் ஒரே சாதி.

சிம்பன்சியோடு உள்ள நெருக்கம் இன்னும் ஆச்சரியமானது. மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் என்பது 1956 இல் நிலைநாட்டப்பட்டது. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ஒராங் உற்றானுக்கும் 48. இரண்டு எங்கே போயின? எங்களுடைய இரண்டாம் நிறமூர்த்தம், அவற்றில் தனித்தனியாக இருக்கும் இரண்டு நிறமூர்த்தங்கள் முனையோடு முனை ஒட்டி உண்டானது. ஒட்டின தழும்பு இன்றும் அதன் நடுவில் இருக்கிறது.

இடைப்படியைத் தேடியபோது

இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்த ஹில்லின் வாழ்விலும் ஒரு விசித்திரமான பகுதி உண்டு. அதை மறைத்தால் இவ்வாழ்க்கை வரலாறு முழுமை பெறாது.

இலங்கையின் கிழக்குப்புறக் காடுகளில் வேடர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. நிட்டேவோ என்ற குள்ளமான, உரோமம் அடர்ந்த, கூரிய நகமுள்ள மனிதர்கள் ஒருகாலம் அக்காட்டில் வாழ்ந்தார்களாம். கடைசியாக எஞ்சியவர்களை வேடர்கள் ஒரு குகைக்குள் அடைத்து வாசலில் தீமூட்டி அழித்தார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலேய அதிகாரிகள் இதை எழுதி வைத்தனர். 1945 இல் ஹில் இக்கதையை ஆராய்ந்து, தேவாங்கின் ஆங்கிலப் பெயரையே தன் பெயராகக் கொண்ட வனசீவராசிகள் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நிட்டேவோக்கள், ஜாவாவில் கண்டெடுக்கப்பட்ட ஆதி மனிதனுக்கு உறவான ஒரு சிறிய இனமாக இருந்திருக்கலாம் என்பது அவர் முன்வைத்த யோசனை. இன்றுவரை நிட்டேவோவின் ஓர் எலும்பும் கிடைக்கவில்லை.

பின்னர் 1950 களின் இறுதியில் நேபாளத்தின் பாங்பொச்சே மடாலயத்தில் பாதுகாக்கப்பட்டுவந்த, யெட்டி என்ற பனிமனிதனுடையது எனப்பட்ட கையின் விரல் ஒன்று அவரிடம் வந்தது. முதலில் அது மனிதக் கிளையைச் சேர்ந்தது என்றார். பின்னர் நியாண்டர்தால் மனிதனுக்கு நெருங்கியதாக இருக்கலாம் என்று எண்ணினார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரியின் நூதனசாலையில் அவர் விட்டுச்சென்ற சேகரிப்பில் அந்த விரல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. 2011 இல் அதன் டீ.என்.ஏ. பரிசோதிக்கப்பட்டது. அது எங்களைப் போன்ற ஒரு சாதாரண மனிதனின் விரல்.

இதைச் சொல்வது அவரைக் குறைத்துப் பேச அல்ல. உறவுகளை மரமாகப் பார்த்தபோது, கண்ணால் கண்ட மூக்கையும் உதட்டையும் கொண்டு அவர் சொன்னது ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் நிற்கிறது. உறவுகளை ஏணியாக எண்ணி, குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவே உயிரோடு நின்ற ஒரு படியைத் தேடியபோது, அவ்வளவு பெரிய நிபுணரின் கையில் சாதாரண மனித விரலும் வேறொன்றாகத் தோன்றியது. தவறு அவருடைய கண்ணில் இல்லை, ஏணியில் இருந்தது.

அந்த ஏணி விஞ்ஞானிகளின் அறைக்குள் மட்டும் இருந்திருந்தால் நாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதில் மனிதரையே படிப்படியாக ஏற்றி வைத்தார்கள். 1880 களில் இலங்கைக்கு வந்த சுவிற்சர்லாந்து நாட்டுச் சரசின் ஆய்வாளர்கள் இருவரும் வேடர்களை அளந்து, மனித குலத்தின் மிகத் தொடக்கநிலைப் படிகளில் ஒன்றாக அவர்களை வைத்தார்கள். ஹில்லும் வேடர்களின் உடலளவுகளை எடுத்து 1941 இல் நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார். அளவுகோலும் மண்டையோட்டு அளவுமானியும் கொண்டு மனிதரை வகைப்படுத்துவது அக்காலத்து வழக்கம். வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசிக் கடலில் தொழில் செய்யும் வேடர் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களும் நாங்களும் இதை வாசிக்கும் எவரும் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில் தோன்றிய ஒரே இனம். மரத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே கிளையின் ஒரே நுனியில் இருக்கிறோம். ஒருவரைப் பார்த்துக் குரங்குக்குக் கிட்ட என்று சொல்வதற்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை. நிறத்தையும் பிறப்பையும் வைத்துப் பேசும் ஏச்சுக்கள் எங்கள் ஊர்களிலும், எங்கள் பிள்ளைகள் படிக்கும் வெளிநாட்டுப் பள்ளிகளிலும் இன்னும் காதில் விழுகின்றன. அவற்றின் வேரில் இருப்பது இந்தப் பழைய ஏணிதான். ஆகவே பிள்ளையின் கேள்விக்குச் சரியான விடை சொல்வது வெறும் பரீட்சை விடயம் அல்ல.

முடியாத நூல்

1962 இல் ஹில் ஐக்கிய அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்குச் சென்று, எமரி பல்கலைக்கழகத்தின் யேர்க்கிஸ் பிரைமேற்று ஆய்வு நிலையத்தில் உதவிப் பணிப்பாளராகப் பணியாற்றினார். 1969 இல் இங்கிலாந்து திரும்பினார். மனிதனின் மூதாதையர் பற்றி மாணவருக்கென 1954 இலும், மனிதனை ஒரு விலங்காக நோக்கி 1957 இலும் அவர் எழுதிய சிறு நூல்கள் அக்காலத்தில் வாசிக்கப்பட்டன. இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளும் அவருடையவை.

1975 ஜனவரியில் அவர் இறந்தபோது பெருநூல் முடியவில்லை. தேவாங்கில் தொடங்கிய எட்டுத் தொகுதிகளும் எங்கள் குரங்கின் சாதியையும் ஆபிரிக்க பபூன்களையும் எட்டியிருந்தன. மந்திகள், வாலில்லாக் குரங்குகள், மனிதன் ஆகியோருக்குரிய தொகுதிகள் எழுதப்படவேயில்லை. மனிதனின் இடத்தை அறிய விரும்பிய மருத்துவர் மனிதனை அடையுமுன் காலமானார். ஆனால் அவர் தொடங்கிய இடம் முக்கியமானது. அவர் மனிதனை உச்சியில் வைத்துக்கொண்டு கீழே பார்க்கவில்லை. தேவாங்கை அதற்குரிய மரியாதையோடு முழுமையாக ஆராய்ந்துவிட்டே அடுத்ததற்குப் போனார்.

அந்தத் தேவாங்கின் நிலை இன்று நல்லதாக இல்லை. காடு துண்டு துண்டாக வெட்டப்படும்போது மரத்துக்கு மரம் தாவத் தெரியாத, கிளைக்குக் கிளை பிடித்து நடக்கும் இந்தப் பிராணி தரையில் இறங்க வேண்டியாகிறது. அங்கே வாகனமும் நாயும் காத்திருக்கின்றன. அதன் கண்ணீரும் உடலும் மருந்தாகும், வசியத்துக்கு உதவும் என்ற நம்பிக்கையும் அதற்குக் கேடாயிற்று. மருத்துவராக ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: தேவாங்கில் எந்தக் கண்நோய்க்கும் மருந்து இல்லை. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022 இல் தேவாங்குக்கென்றே கடவூர்ச் சரணாலயம் அமைக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. எங்கள் வன்னித் தேவாங்கும் அதே இனந்தான்.

அன்புச் சகோதரிகளே, உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ மனிதன் குரங்கிலிருந்தா வந்தான் என்று கேட்டால், சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம். குரங்கு எங்கள் தாயும் அல்ல, தகப்பனும் அல்ல, தூரத்துச் சகோதரம் என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரு பழைய பூட்டி இருந்தாள், அவளைக் கண்டால் நாங்கள் குரங்கு என்றுதான் நினைப்போம் என்றும் சொல்லுங்கள். பிறகு பிள்ளையின் கையை விரித்து, பெருவிரல் மற்ற விரல்களைத் தொடுவதைக் காட்டுங்கள். வன்னியில் இந்நேரம் ஒரு கிளையைப் பற்றிக்கொண்டிருக்கும் தேவாங்கின் கையிலும் அப்படியே ஒரு பெருவிரல் இருக்கிறது.